துரை கடித்த கதவு

மரவேலைக்காரனுக்கு உளியும் இழைப்புளியும் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் வைத்தியமும் நிறையப் பஞ்சாயத்தும் தெரிந்திருக்க வேண்டும்.

கோவில்பட்டியில் கரிசல்மேல் நிற்கிற வீடுகளுக்கு மழைக்கு ஒருதரம், வெயிலுக்கு ஒருதரம் கதவு இழைத்தே தலை நரைத்தவன் நான். ஈரத்தில் மண் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், கதவு நிலையில் உட்காராது, திட்டு மட்டும் எனக்கு வந்துவிடும். என்னைப்போல் வீடுவீடாகப் போய்த் திட்டு வாங்குகிற பிளம்பர், எலக்ட்ரீசியன், கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரர் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். போன வருஷம் என்னைப் பாடாய்ப்படுத்தியது மண்ணும் இல்லை, மழையும் இல்லை. ஒரு வெள்ளை முயல்.

யார் வைத்த உளி?

ராமலட்சுமி அக்கா எங்கள் பழைய வாடிக்கை. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டில்காலின் படத்தைப் போட்டு, "கரையான் ஏறிட்டு ஆசாரி, உடனே வாங்க" என்று பேசி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தேன். அக்கா கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த தேக்குக் கட்டில். கரையான் வந்தால் மண் கட்டியிருக்கணுமே? பொட்டு மண் இல்லை. காலில் சரிவாக ஒரு செதுக்கல், பக்கத்திலேயே இன்னொன்று. கால் இஞ்ச் உளியைத் தீட்டி வைத்து எடுத்ததுபோல அவ்வளவு சுத்தம். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. "வேற யாரையும் வச்சு வேலை பாத்தீங்களாக்கா?" என்று கேட்டேன். அக்கா கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். அங்கே அது உட்கார்ந்து மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. முயல் என்று சொன்னால் நான் சிரிப்பேன் என்றுதான் கரையான் என்றாராம்.

முயலுக்குப் பெயர் துரை. அக்காவின் மருமகள் கோகிலா, கல்யாணமாகி வரும்போது நாகலாபுரத்திலிருந்து கூடவே கொண்டுவந்தது. குட்டியிலிருந்து கையில் வளர்ந்ததாம். இன்னொரு சாமானைக் கடித்தால் சனிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு அனுப்பிவிடுவேன் என்று அக்கா சத்தம்போட, "துரை போனா நானும் அடுத்த பஸ்ல எங்க வீட்டுக்குப் போயிருவேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? கட்டிலுக்குப் புதுக் கால் போடலாம். வீட்டை விட்டுப் போற மருமவளுக்கு நான் என்னத்த போட?"

வத்தல் வைத்தியம்

ஒரு குடும்பமே என் கையில் இருக்கிறதென்று ஆனபிறகு மூளை வேலை செய்யாமல் இருக்குமா? எங்கள் பக்கத்து முண்டு மிளகாய் வத்தலை அரைத்து, வேப்பெண்ணெயில் குழைத்து, கட்டில்கால் நாலிலும் பூசினேன். துரை வந்தது, மோந்தது, ஒரு தும்மல் தும்மியது, அப்படியே திரும்பி மர பீரோவின் அடிச்சட்டத்தில் வாயை வைத்தது. நாங்கள் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம்.

கோகிலாவின் புருஷன் மாரிச்சாமி மணியாச்சியில் ரயில்வே லைன் வேலை பார்க்கிறவர். வெயிலில் நின்றுவிட்டு வந்த மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போலக் காலைக் கட்டில்காலோடு தேய்த்தார். அதோடு விட்டாரா, அந்தக் காலைச் சொறிந்த கையால் கண்ணையும் துடைத்தார். மூன்று குடம் தண்ணீர் ஊற்றியபிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார்: "முயலுக்கு வச்ச மருந்துல இந்த வீட்ல முயல் ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு."

கட்டு போட்ட கட்டில்

அடுத்து பி.வி.சி. குழாயை நெடுக அறுத்து, கட்டில்காலுக்கும் நாற்காலிக் காலுக்கும் உறை மாதிரி மாட்டிவிட்டேன். பீரோவின் அடிக்கு அலுமினியப் பட்டை. துரையின் பல் வழுக்கியது. அழகு போய்விட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மரம் தப்பியது. நான் மீசையைத் தடவிக்கொண்டு நிற்கும்போது எதிர்வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, முகமெல்லாம் கவலையாகக் கேட்டார்: "ஏ ராமலட்சுமி, ஆளுக்கு ஒண்ணும் ஆகலைல்லா? கட்டிலுக்கு மட்டுந்தான் கால் ஒடிஞ்சிருக்கா?"

அதே கதவு

உறை மாட்ட முடியாத சாமான் வீட்டில் எவ்வளவோ இருக்கிறதே! அதனால் கோகிலா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனதும், அக்கா துரையைப் பின்னால் உள்ள சாமான் அறையில் விட்டு வெளியே கொண்டி போட ஆரம்பித்தார். சாயங்காலம் கோகிலா வருவாள், கதவு கடிபட்டிருக்கும், சண்டை வரும். அப்புறம் அவளும் அதே அறைக்குள் முயலோடு போய் உட்கார்ந்து உள்தாழ் போட்டுக்கொள்வாள்.

எனக்கு இதில்தான் ஆச்சரியம். அந்த அறையில் பூவரசு முக்காலி கிடக்கிறது, பழைய பெஞ்சு கிடக்கிறது, பிளைவுட் துண்டு கிடக்கிறது. எல்லாம் கதவைவிட மெத்தென்ற மரம். ஒன்றிலும் பல் படவில்லை. கதவின் கீழ்மூலையை மட்டும் கை நுழைகிற அளவுக்குத் தின்றிருக்கிறது! பாலிஷ் வாசனையோ என்று மோந்து பார்த்தேன். உப்புப் பூத்திருக்கிறதோ என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நக்கியும் பார்த்தேன். வேப்பமரத் துண்டு வைத்து ஒட்டினேன், கசப்பையும் தின்றது. தகரம் அடித்தேன், மத்தியானம் முழுக்கத் தகரத்தைப் பிறாண்டி அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. "வாற சனிக்கிழமை சந்தைதான்" என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். கோகிலா பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தாள். "அது மரத்துக்கு ஆசைப்பட்டு என்னைக்குக் கடிச்சிருக்கு அண்ணாச்சி?" என்றாள் பையைப் பார்த்தபடியே. "பல்லு வளர்ந்துகிட்டே இருக்கும், கடிக்கக் குச்சி வேணும். அடைச்சுப் போட்டா வெளிய வரணும். எங்க வீட்ல தின்னக் குழை கட்டாம அடைச்சு வச்சா ஆடே தொழுவுப் படலைக் கடிக்கும்."

சனிக்கிழமை

கீழ்ப்பலகையையே மாற்றிப் பார்க்கலாம், கடைசி முயற்சி என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கதவைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சனிக்கிழமை காலையில் புதுப் பலகையோடு கதவைச் சுமந்துகொண்டு போகிறேன், வாசலில் கோகிலாவின் பை. அவள் சேலை மாற்றித் தயாராக நிற்கிறாள். மாரிச்சாமி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்க்கிறார். ஐயோ, முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

உள்ளே போனால் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் கம்பியில் ஒரு கட்டு அகத்திக்குழை தொங்குகிறது. கோகிலா ராத்திரியே கட்டியிருக்கிறாள். அதில் ஒரு குச்சியைக் கடித்தபடி துரை அக்காவின் கால்மாட்டில் சாய்ந்து கிடக்கிறது. கதவில்லாத அறையிலிருந்து நேற்றுச் சாயங்காலமே தானாக வந்ததாம். வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறது. புதிதாக ஒரு பல் அடையாளம் எங்கும் இல்லை. அக்காவே டார்ச் அடித்து எல்லாக் காலையும் தடவிப் பார்த்திருக்கிறார்.

நான் கீலைப் பொருத்தக் குனிந்தேன். "அதைக் கீழ வைங்க ஆசாரி" என்றார். நிமிர்ந்து பார்த்தால் அக்காவுக்குக் கண் கலங்கியிருக்கிறது. "கதவு இருந்தாத்தான அடைக்கத் தோணுது? நான் வெளிய கொண்டி போடுதேன், அவ உள்ள தாழ் போடுதா. ராத்திரி கதவு இல்லாம, அவளா வந்து இங்கன உக்காந்து, சாப்பிட்டீங்களா அத்தைன்னு கேட்டா. இந்தக் கதவை நீங்களே வச்சுக்கோங்க. ஏட்டி கோகிலா, அந்தப் பைய எடுத்து உள்ள வையி!"

ஊரெல்லாம் கதவு மாட்டிப் பிழைக்கிற எனக்கு, திட்டு வாங்காமல் வெளியே வந்த ஒரே வீடு, கதவைத் திரும்ப மாட்டாமல் வந்த அந்த வீடுதான்.