மூன்றாம் தட்டில் இருந்த காது

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் செவிலித்தாய். "காது வளர்க்கிறவங்களுக்கு வேற என்ன பேரு பொருந்தும்?" என்று கேட்டுச் சிரித்தவர் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். அவளும் சிரித்துவைத்தாள். நாற்பத்தொன்பது வயதில் யாரோ தாய் என்று கூப்பிடுகிறார்களே, அதுவரைக்கும் லாபம்.

காது மடல் இல்லாமல் பிறந்த குழந்தைகளிடமிருந்து கடுகளவு குருத்தெலும்பு எடுத்து, அதிலுள்ள செல்களைப் பெருக்கி, கூழோடு கலப்பார்கள். இயந்திரம் அந்தக் கூழை இழை இழையாக அடுக்கிக் காதாக அச்சிடும். அதற்குப் பிறகு ஏழு வாரம் அவள் பொறுப்பு. உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் இளஞ்சிவப்புச் சத்துநீரை மாற்ற வேண்டும். ஞாயிறு, காய்ச்சல் என்று எந்தச் சாக்கும் செல்லாது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பதினோரு வருடம் பார்த்தவளுக்கு இது பாரமாகத் தெரியவில்லை. அப்பா போன பிறகு அவள் கதவைத் திறக்கும் சத்தத்தைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஆய்வகத்திலாவது காதுகள் இருந்தன.

மூன்றாம் தட்டில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் காது ஐந்தாவது வாரத்தில் இருந்தபோது தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது.

"அக்கா, இந்தத் தடவையாவது வந்துடு. கேக்கிறவங்களுக்கு என்னால பதில் சொல்லி மாளல."

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சத்துநீரை மாற்றிவிட்டு ஓடினாள். கல்யாணத்தில் தம்பி மனைவி, "வாங்க அண்ணி, சாப்டீங்களா?" என்று கேட்டு, பதில் வருமுன் அடுத்தவரிடம் போய்விட்டாள். புகைப்படக்காரர் ஓரத்தில் நின்றவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளிப்போனவள் படத்துக்கு வெளியே போய்விட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தாள். இளஞ்சிவப்பு நீர் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது. கிருமி புகுந்துவிட்டது. அந்த மதியம் புட்டியின் வாயை ஸ்பிரிட்டால் துடைக்காமலே ஊற்றியது அப்போதுதான் உறைத்தது.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். இதெல்லாம் நடக்கிறதுதான்" என்றார் அறுவைச் சிகிச்சை மருத்துவர்.

"இல்ல டாக்டர். தப்பு என் கையில. நானே சொல்லிடறேன்."

சிறுமியின் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டாள்: "ஒரு கல்யாணத்துக்குப் போற அவசரத்துலயா?"

"ஆமாம்மா."

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"இல்லம்மா."

"அதான்."

அந்த ஒரு சொல் நெஞ்சில் போய்த் தைத்தது. முடியால் ஒரு பக்கத்தை மறைத்திருந்த சிறுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அது செத்துப் போச்சா ஆன்ட்டி?"

"ஆமா கண்ணு."

"அதுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லடா. அதுக்கு வலி தெரியாது."

"அப்ப சரி" என்றாள் சிறுமி.

உறையவைத்த செல்கள் மிச்சமிருந்ததால் மறுபடி உடம்பில் கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக அச்சிட்டார்கள். அந்த ஏழு வாரமும் அவள் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. மணமக்கள் விருந்துக்குக் கூப்பிட்ட தம்பியிடம் வர முடியாது என்றாள். "சரிக்கா" என்று உடனே போனை வைத்துவிட்டான். ஒருதரம் வற்புறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. அறுவைச் சிகிச்சை நாளன்று அரங்கின் வாசல்வரை காதைக் கொண்டுபோனாள். நர்ஸ் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மூன்று மாதம் கழித்து மருத்துவமனை மாடிப்படியில் தாயும் மகளும் எதிரே வந்தார்கள். சிறுமி முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். காது இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

அம்மா தயங்கி நின்றாள். "இவளுக்கு இப்பல்லாம் மூக்குக்கண்ணாடி நழுவாம நிக்குது" என்றாள். சிறுமி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காதைக் கையுறை இல்லாமல் ஒருதரம் தொட்டுப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டிருக்கலாம். மதியம் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சாப்பாட்டு அறையில் ஒருவரும் இல்லை. தன் டப்பாவைத் திறந்து, சோறு ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள்.