வாசலில் விரித்த பாய்

2024 டிசம்பர் 7, சனி. வழக்கம்போல் எங்கள் சர்ச்சின் கோரைப்பாய்களை உதறி வெயிலில் போட்டேன். அப்போது சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "செங்கச் சூளையில வேல செய்ற வடக்கனுங்கள நாளைக்கு உள்ள வுடாதீங்க."

வெயிலேறிய கோரையின் வாசனை என்னைச் சிறுவயதுக்குக் கொண்டுபோனது. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கல்வராயன் மலையிலிருந்து வந்த பழங்குடிக் குடும்பத்தைச் சபையார் வாசலிலேயே உட்காரவைத்தார்கள். அப்பா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் அவர்கள் பக்கத்தில் விரித்தார்.

"இன்னாடா, மலையேறப் போறியா?" என்று பெரியப்பா கிண்டல் செய்தார்.

"மலையே எறங்கி வந்துகீதுண்ணே, நான் ஏன் ஏறணும்?"

அம்மா சிரித்துக்கொண்டே எங்களையும் வெளியே இழுத்துவந்தாள். பாதிப் பாட்டில் உபதேசியாரும் வெளியே வந்துவிட்டார். பிரசங்கம் வேப்பமரத்தடியில்தான் நடந்தது.

மறுநாள் ஞாயிறு காலை முதல் வேலையாக எல்லாப் பாய்களையும் வாசலில் விரித்தேன். உள்ளே ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.