அஞ்சலை அக்காவின் பின்கட்டுத் தொட்டி

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் ‘அஞ்சலை அக்கா’ என்று வந்தது. முந்தின நாள் மாலைதான் சென்னையிலிருந்து பஸ்ஸில் எங்கள் தொட்டிகளுக்கான உயிர்ப் பவளப் பார்சல் வந்திருந்தது. அதை இறக்கித் தன் ஊரான வடக்கனந்தலுக்கு எடுத்துப்போனவர் அவர்தான். அந்தச் சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ஹலோகூடச் சொல்லாமல், “இன்னாக்கா, எல்லாம் உசுரோட இருக்குதா?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், “பாய், நான் ஏழுமலைங்க. அஞ்சலை போய்ட்டா” என்றது. அவர் கணவர். அதுவரை ஒருநாளும் என்னோடு போனில் பேசாதவர். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாராம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்ட கேள்வி இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நம் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். கடலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தொட்டிக்குள் கடல் செய்துகொள்கிற ஒரு சின்னக் கூட்டம் நாங்கள். சட்டம் தடுத்திருக்கிற கல் பவளத்தைத் தொடமாட்டோம். எங்களிடம் இருப்பதெல்லாம் மெத்தென்ற சதைப் பவளங்கள்தாம். ஊரில் எங்களுக்குப் பைத்தியக்காரர்கள் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பைத்தியங்களில் மிகத் தெளிவானவர், ஏரிப் பாசனத்தில் கரும்பு போட்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா.

அவர் என் கடைக்குச் செருப்பு வாங்கத்தான் வந்தார். ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் பழைய செருப்புமாக எழுந்து நடந்து பார்த்தவர், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். நின்றவர் நகரவேயில்லை. “இது செடியா பாய், பூச்சியா?” என்று கேட்டார். பூச்சி மாதிரி ஓர் உயிர்தான், ஆனால் பெரும்பாலும் வெளிச்சத்தை வைத்தே பிழைத்துக்கொள்ளும் என்றேன். “அப்போ நம்ம கரும்பு மாதிரின்னு சொல்லுங்க” என்று சிரித்தார். அன்றைக்குச் செருப்பு வாங்காமலே போனார். அடுத்த வாரம் வந்து தொட்டிக்கு எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லி அனுப்பினேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொட்டி தயாரானதும் என்னிடமிருந்து கட்டைவிரல் அளவு காளான் பவளம் ஒன்றைக் கொடுத்தேன். பத்திரமாக எடுத்துப்போய், போர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மண் ஒட்டிய கிழங்கைக் கழுவுவதுபோல அலசு அலசு என்று அலசியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் அது கூழாகிக் கரைந்துபோனது. நல்ல தண்ணீர் பட்டால் பவளம் செத்துவிடும் என்று நான் குதித்தேன். அவர் நிதானமாக, “வூட்டுக்கு எது வந்தாலும் கழுவிட்டுத்தானே பாய் உள்ள எடுப்போம்” என்றார். நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பின்னாளில் புதிதாகத் தொட்டி வைக்க வருகிற எல்லோருக்கும் இந்தக் கதையை அவரே முதலில் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஆனால் கழுவ வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. அதற்கான விடை அவருடைய சொந்த நிலத்திலேயே கிடைத்தது. நடவு சமயத்தில் ஒருநாள் நான் அங்கே போயிருந்தேன். விதைக் கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தக் கரணைகளை வலைப்பையில் போட்டு, டிரம்மில் கரைத்த மருந்தில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். போன பயிரின் நோயும் பூச்சியும் புது நடவுக்கு வந்துவிடாமல் இருக்கச் செய்கிற நேர்த்தி அது. பையைத் தூக்கியவர் அப்படியே நின்று, “பாய், பவளத்துக்கும் இந்த மாதிரி மருந்து இருக்குதா?” என்றார். இருக்கிறது, இங்கே யாரும் வாங்குவதில்லை என்றேன். “நாம வாங்குவோம்” என்றார்.

அதற்குப் பிறகு நம் கூட்டத்தின் பார்சலெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் போயிற்று. தொட்டியின் உப்புத் தண்ணீரையே ஒரு குவளையில் மொண்டு, மருந்தை அளந்து கலக்கி, பவளத்தை அதில் விட்டு மெல்ல ஆட்டுவார். ஊசியில்லாத சிரிஞ்சால் மடிப்புக்குள் எல்லாம் தண்ணீரைப் பீய்ச்சுவார். குவளையின் அடியில் விழுகிற புழுவையும் பூச்சியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். பிறகு வேறு குவளையில் மருந்தில்லாத உப்புத் தண்ணீரில் அலசுவார். மருந்துத் தண்ணீரை வெளியே கொட்டிவிடுவார். அத்தனையும் முடிந்த பிறகாவது பெரிய தொட்டிக்குப் போகுமா என்றால், போகாது. பின்கட்டில் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்திருந்தார். அதற்கென்று தனி விளக்கு, தனி மோட்டார், தனிக் குவளை. வருகிற பவளமெல்லாம் சில வாரங்கள் அங்கேதான்.

எனக்குப் பொறுமை கம்மி. செருப்புக் கடைக்காரனுக்கு வந்த சரக்கு அன்றைக்கே ஷோகேஸில் ஏற வேண்டும். மருந்தில் முக்கியாயிற்றே, இன்னும் எதற்குப் பின்கட்டு என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். “பூச்சி முட்டைக்கு மருந்து ஏறாது பாய். அது பொரியிற வரைக்கும் நாமதான் காத்துக்கினு இருக்கணும்” என்றார். பொரித்து வந்தால் மறுபடி மருந்து, மறுபடி காத்திருப்பு.

மொபைல் கடை வைத்திருக்கும் தினேஷுக்கும் இதில் ஒரு கோபம் உண்டு. பொத்தான் பொத்தானாக விரியும் பவளம் ஒன்றைச் சென்னையில் வாங்கி, ஆசையாக அவருக்கே பரிசாகக் கொண்டுவந்தான். எங்கள் எல்லோர் கண்ணெதிரே பெரிய தொட்டியில் வைத்து அழகு பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அக்கா வாங்கி, வாயாரப் புகழ்ந்து, நேரே பின்கட்டுக்கு எடுத்துப்போனார். தினேஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் கொடுத்தது தீட்டா என்று கேட்டேவிட்டான். நம் ஊரில் அந்தச் சொல் லேசான சொல் இல்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தச் சின்னத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். “பெரிய தொட்டிய நாள் பூரா ஒரு வாட்டிதான் பாக்கறேன். இத எத்தினி வாட்டி பாக்கறேன் தெரியுமா? தள்ளி வெக்கிறது வேற தம்பி, பாத்துக்கறது வேற” என்றார். தினேஷ் சமாதானம் ஆகாமலே போனான்.

சில நாள் கழித்து அவனைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பவளத்தின் மேல் ஓடில்லாத ஒரு சின்ன நத்தைப் புழு. அதே நிறம், அதே குஞ்சம், பவளத்தின் ஓர் இதழ் என்றே நினைக்கத் தோன்றும். அதைத் தின்று தின்று அதன் நிறத்துக்கே மாறியிருந்தது. முதல் நாள் மருந்தில் சாகாத முட்டையிலிருந்து வந்தது. பெரிய தொட்டிக்குள் போயிருந்தால் மொத்தப் பவளத்தையும் மேய்ந்திருக்கும். பார்த்தாயா என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. புழுவை இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, பவளத்தைத் தேற்றி வளர்த்து, அதிலேயே ஒரு துண்டை வெட்டி அவனுக்கும் கொடுத்தார். அப்படித்தான் எங்கள் எல்லோருடைய தொட்டியிலும் அவர் தொட்டிப் பவளத்தின் துண்டு ஒன்றாவது இருக்கிறது.

அது ஒருநாள் அவருக்கே உதவிற்று. கல்வராயன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து அடித்த மழையில், வடக்கனந்தல் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து, கரண்ட் வர வெகுநேரம் ஆயிற்று. இன்வெர்ட்டரும் கைவிட்டது. மோட்டார் நின்று, தண்ணீர் கெட்டு, தொட்டி முழுவதும் போயிற்று. நான் போனபோது அக்கா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். கரும்பு சாய்ந்ததற்குக்கூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சில வாரம் கழித்து தொட்டியைத் தேய்த்துக் கழுவி மறுபடி ஓடவிட்டார். நாங்கள் ஆளுக்கொரு பையில், அவர் கொடுத்த பவளங்களின் துண்டுகளைக் கொண்டுபோனோம். எல்லாம் அவர் வீட்டுப் பிள்ளைகள்தானே, தாய் வீட்டுக்குத் திரும்பி வருகின்றன என்று நான் கொஞ்சம் வசனம்கூடப் பேசினேன். அக்கா எல்லாப் பையையும் வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்கட்டுக்கு நடந்தார். இது உங்களுடையதுதானே அக்கா, இதற்குமா என்று கத்தினேன். “என்னுதுதான் பாய். ஆனா எங்க எங்க தங்கிட்டு வந்துச்சோ” என்றார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஏழுமலை அண்ணன் இதிலெல்லாம் தலையிட்டதே கிடையாது. கரும்பு, மாடு, ஆலை டிராக்டர் என்று அவர் உலகம் வேறு. நாங்கள் போனால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். உப்புக்கு ஆகிற செலவைச் சொல்லி அக்காவைக் கிண்டல் செய்வார், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நான் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சின்னத் தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பார்சலில் வந்த பவளங்கள் வரிசையாக இருந்தன. முக்கி, அலசி, வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் என் பின்னால் வந்து நின்றார். எல்லாவற்றையும் நீங்களே எடுத்துப்போய்விடுங்கள் பாய், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, பார்க்கப் பார்க்க அவள் ஞாபகமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அக்கா தினமும் நின்ற இடம் அந்தத் தொட்டி. அது காலியானால் அண்ணனுக்கு அங்கே கரும்பும் தனிமையும்தான் மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் முடியவில்லை. புதுசெல்லாம் இன்னும் பின்கட்டில் இருக்கிறது அண்ணே, அது முடிகிற வரைக்குமாவது இருக்கட்டும், நடுவில் எடுக்கக் கூடாது என்றேன். சாக்குத்தான். ஆனால் பொய் இல்லை.

அடுத்த வாரங்களில் அடிக்கடி போய் வந்தேன். முதலில் நான் மருந்தில் முக்குவேன், அண்ணன் கதவோரம் நிற்பார். பிறகு டார்ச் அடித்தார். ஒருநாள் நான் போவதற்கு முன்பே போன் வந்தது. அதே ‘அஞ்சலை அக்கா’ என்ற பெயரில். எடுக்கும்போது மனசு ஒருமுறை தடுமாறிற்று. ஓரத்துப் பவளத்தின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ ஒட்டியிருக்கிறது, அது முட்டையா பாய் என்று அண்ணன் கேட்டார். நான் போய்ப் பார்த்தேன். முட்டைதான். கத்தி முனையால் சுரண்டி எடுத்தோம். அன்றைக்கு டீயை வாசலுக்கு எடுத்துப்போகாமல் தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து குடித்தார்.

போன வாரம் பின்கட்டுக் காலம் முடிந்தது. அக்கா கடைசியாக வாங்கிய பவளங்களை அண்ணன் தன் கையாலேயே பெரிய தொட்டியில் வைத்தார். அந்த நாளுக்காக நானும் ஒன்று எடுத்துப்போயிருந்தேன். தொட்டி போன அந்த மழைக்கு முன்பு அக்கா எனக்குக் கொடுத்த காளான் பவளத்தின் துண்டு, என் கடைத் தொட்டியில் பெருகியது. அக்காவே வளர்த்தது அண்ணே, இதையும் சேர்த்து வையுங்கள் என்று நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிய தொட்டிப் பக்கம் போகாமல் பின்கட்டை நோக்கி நடந்தார்.

“அண்ணே, அது அக்காவோடது” என்றேன்.

“தெரியுது பாய். ஆனா இத்தினி நாளா உங்க கடையிலதானே இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்து வைத்திருந்த குவளையை நிமிர்த்தினார்.

தொட்டியை எடுத்துப்போகிற பேச்சு அதோடு ஓய்ந்தது. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது என் கடைக்குப் பின்னால் புதிதாக ஓடும் ஒரு சின்னத் தொட்டியும், அதற்கு முன்னால் உட்கார நான் கற்றுக்கொண்ட கொஞ்சம் பொறுமையும். அன்றைக்கு அண்ணனுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் மருந்தை அளந்தார், நான் உப்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.