முதலாளியின் சிவப்புக் காருக்குப் புது ஹாரன்

ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த கறுப்புப் பொத்தானை எங்கள் முதலாளி கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்த அந்தக் காலை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனி வாசல். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையில்லாத, என்னைவிட வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஊட்டியில் ஒரு எஸ்டேட்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. "ஹாரன் செத்துப்போச்சுங்க மேனேஜரே, வேற மாத்தோணும்" என்றார். பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கு அது கீச்சென்று தெளிவாகவே கேட்டது. கேட்டைத் திறக்க வந்த வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இளவயதில் வெள்ளகோவிலில் விசைத்தறி ஓட்டியவர் முதலாளி. பிறகு சொந்தமாக, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள். வாழ்நாள் முழுக்க இரைச்சலுக்குள்ளேயே நின்றவர். கம்பெனிக்குள் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம் என்பதால் அவருக்குக் காது மந்தமானது யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வாரம் ஒரு ஷிப்மென்ட் சிக்கிக்கொண்டு இருவருமே தூக்கமில்லாமல் அலைந்தோம். அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

எலக்ட்ரீசியன் அவர் வீட்டுக்கே வந்து, தடித்த வயர் இழுத்து, ரிலே வைத்து, கனத்த குரலுள்ள இரட்டை ஹாரனைப் பொருத்தினார். முதலாளி அழுத்தினார். தெருவே அதிர்ந்தது. பல நாட்களாகச் சோர்ந்திருந்த முகம் மலர்ந்தது. "இப்பக் கேக்குதுங்க!"

வாசலில் நின்ற அவர் மனைவி அருகே வந்து, "ஏனுங்க, பழசும் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சுங்க. உங்க காதுதான் சரியில்லைங்க" என்றார் உரக்க.

முதலாளி என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் கேட்டுச்சுங்களா மேனேஜரே?"

ஆமென்று தலையசைத்தேன். அவர் இன்ஜினை அணைத்தார். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி சொன்னபோதெல்லாம், இந்த ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தபடி வந்தது. அவர் சாவகாசமாக வலப்பக்கம் வண்டியை ஒடித்தார். நான் ஸ்டியரிங்கைப் பற்றி இழுக்க, பஸ் எங்களை உரசுவதுபோலக் கடந்தது. அவர் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"நான் அடிக்கிறது எனக்குக் கேக்குது. அடுத்தவன் அடிக்கிறது கேக்கலீங்களே" என்றார்.

இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார். பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஊர் எல்லை வருவதற்குள் தூங்கிப்போனார். லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியொரு தூக்கம்.

இப்போது காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார். வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்தால் ஆசையாகப் போட்டுக்கொள்கிறார். கம்பெனிப் படியேறும்போது மட்டும் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மெஷின்களைப் பார்த்தபடி, "இதையெல்லாம் கேட்டது போதுமுங்க" என்றார்.