இறக்கத்தில் நின்ற லொறி

எங்கள் லொறியைச் சாவியால் ஸ்டார்ட் செய்யலாம் என்பதே எனக்கும் என் கணவருக்கும் மறந்து போயிருந்தது. மூக்கு கீழே பார்க்க இறக்கத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவோம். காலையில் நான் கல்லை எடுப்பேன், அவர் உருட்டுவார், பாதி இறக்கத்தில் கியரைப் போட்டுக் கிளச்சை விடுவார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகை கக்கி, உயிர் பிடிக்கும். நான் மூச்சிரைக்க ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். கலஹாப் பக்கம் வீடு கட்டியிருக்கும் யாருக்கும் இது ஒரு குறையாகத் தெரியாது. இங்கே சமதரைக்குத்தான் பஞ்சம், இறக்கத்துக்கு இல்லை.

லொறி என்னைவிட மூத்தது. பெற்றோல் எஞ்சின், காபரேட்டர் வைத்த பழைய காலத்துச் சின்ன லொறி. வீட்டுக்குப் பின்னால் நான் வளர்க்கும் பூங்கன்றுகளை விடியற்காலையில் பேராதனைக் கடைகளில் இறக்கிவிட்டு வந்து, குளித்து, பஸ் பிடித்துக் கண்டி மாநகர சபைக்கு வேலைக்குப் போவார் என் கணவர். கன்றுகளை இறக்கும்போது எஞ்சினை அணைப்பதே கிடையாது. கடை வாசல் சமதரை ஆயிற்றே, அணைத்தால் யார் தள்ளுவது?

நான் லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவேன், அவ்வளவுதான். அப்போதுதான் கலகெதரவில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கேட்டார்: புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஒரு லோடு கன்று கொண்டுவர முடியுமா? பத்து மணிக்கு என் கணவர் அலுவலகத்தில் இருப்பார். போவதென்றால் நான்தான் தனியாகப் போக வேண்டும். எனக்கு ஆசை தாங்கவில்லை.

"ஓட்டுறதுக்கு நான் வேணாம்னு சொல்லல," என்றார் அவர். "ஆனா அங்க தரை சமமா கெடக்கு. வண்டி நின்னுச்சுன்னா என்னா செய்வ? சாவியில ஸ்டார்ட் ஆகட்டும், அப்பறம் நீ எங்க வேணும்னாலும் போ."

சொன்னது நியாயம்தான். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. அந்த அம்மாவிடம் இரண்டு வாரம் தவணை கேட்டேன்.

ஆளாளுக்கு வைத்தியம் சொல்லி முடித்திருந்தார்கள். பிளக் மாற்றியாயிற்று, கொயில் மாற்றியாயிற்று, பெட்டரியும் புதிது. "குளிர்தான் காரணம், சோக்க நல்லா இழுக்கணும்" என்று என் கணவர் தினமும், எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிவிடும் அந்தச் சோக்கைப் பிடுங்குவதுபோல் இழுப்பார். எஞ்சின் 'உம் உம்' என்று சுற்றுமே தவிரப் பற்றாது. கடைசியில் இறக்கம்தான் கைகொடுக்கும்.

அந்த வாரக் கடைசியில் ஹுன்னஸ்கிரியவில் சொந்தக்காரர்களின் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. போய் இறங்கினால் பாதையெல்லாம் வாகனம். லொறியை விளையாட்டு மைதானத்தில் விடச் சொன்னார்கள். மைதானம் தோசைக்கல் மாதிரி கிடந்தது. என் கணவர் முகம் சுண்டிப்போய் எஞ்சினை அணைத்தார். மறுநாள் காலை பனி மூட்டத்தில் கை விறைத்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். தொட்டவுடனே ஸ்டார்ட் ஆயிற்று!

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆத்தாவின் கண் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையே மூடிக்கொண்டது. வழக்கம்போல் சோக், வழக்கம்போல் 'உம் உம்', வழக்கம்போல் உருட்டல்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஹுன்னஸ்கிரியவில் எங்கள் ஊரைவிடக் குளிர் அதிகம். அப்படியானால் குளிர் காரணமில்லை. அதே பெற்றோல், அதே பெட்டரி, அதே சோக். வேறு என்ன மாறியது? தரை. தரை மட்டும்தான் மாறியது.

அடுத்த நாள் அவர் எழுவதற்கு முன்பே பொனட்டைத் திறந்து, எயார் ஃபில்டரைக் கழற்றி, டோர்ச் அடித்து, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேட்டரின் வாய்க்குள் பார்த்தேன். உள்ளே ஈரம். பெற்றோல் வாடை குப்பென்று ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது. எஞ்சின் ஓடவில்லை, யாரும் கைகூட வைக்கவில்லை, ஆனால் பெற்றோல் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சொட்டு.

அந்த நிமிடம் எனக்கு என் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. மேட்டு ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்குத் தண்ணீர் வரும். நிறைந்ததும் மிதக்கும் பந்து மேலே வந்து வழியை அடைத்துவிடும். அடைப்புத் தேய்ந்துவிட்டால், மேலிருந்து வரும் அழுத்தத்தில் விடிய விடிய ஒழுகித் தொட்டி வழியும். காபரேட்டருக்குள்ளும் ஒரு மிதவை, ஓர் ஊசி, அதே வேலை. எங்கள் லொறியின் பெற்றோல் டேங்க் எங்கே இருக்கிறது? பின்னால். இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால் டேங்க் மேட்டிலும் எஞ்சின் பள்ளத்திலும் இருக்கும். விடிய விடிய ஒழுகி எஞ்சின் பெற்றோலில் முழுகிப் பற்ற முடியாமல் கிடக்க, நாங்கள் காலையில் வந்து சோக்கை இழுத்து இன்னும் பெற்றோலை ஊற்றியிருக்கிறோம்! வண்டி ஸ்டார்ட் ஆகாததால் இறக்கத்தில் நிறுத்தினோம். இறக்கத்தில் நிறுத்தியதால்தான் அது ஸ்டார்ட் ஆகவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்னங்க! என்னங்க!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். பல்துலக்கிக்கொண்டிருந்தவர் பாம்பென்று நினைத்து விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சொன்னதை வாய் நிறைய நுரையோடு கேட்டுவிட்டு, துப்பிவிட்டுச் சொன்னார்: "இத்தன பாஸ் பார்த்த வண்டி. அவனுங்களுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

பாஸ் என்றால் இங்கே மெக்கானிக். அவர்கள் எல்லோரும் இறக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார்கள் என்றேன். அவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டு வளவில் இருக்கும் ஒரே சமதரை ரோசாக் கன்றுகள் நிற்கும் இடம். அன்று பகல் முழுவதும் ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பாதையோரம் அடுக்கினேன். பிறகு லொறியை உருட்டி ஸ்டார்ட் செய்து, திருப்பிக் கொண்டுவந்து அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கேட்டார்: "ரோசாவெல்லாம் ரோட்டுல நிக்கிது, லொறி எங்க?"

காலையில் நான் வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயாவையும் அவர் மச்சானையும் தள்ளுவதற்கு அழைத்து வந்து நிறுத்தி வைத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை என்மேல்! நான் ஏறினேன். சோக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன். இரண்டே சுற்று. எஞ்சின் பற்றிக்கொண்டு, கரும்புகை இல்லாமல், சீராக ஓடியது. நான் ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டுச் சிரித்துக்கொண்டே, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுப் போனார் மாத்தயா.

என் கணவர் லேசில் விடுகிற ஆளில்லை. மறுநாளைக்கு இறக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். பற்றவில்லை. அதற்கடுத்த நாள் சமதரையில். பற்றியது. அன்று அவர் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பொனட்டைத் திறந்தார். பிறகு காபரேட்டரைத் தானே கழற்றி, ஊசியை எடுத்துத் தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். "நீயே போய்க் காட்டு. நீதானே கண்டுபுடிச்ச."

கண்டியில் பழைய வாகனங்களுக்குப் பாகம் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இங்க பாருங்க தங்கச்சி, முனையில மோதிரம் மாதிரி தேஞ்சி ஈக்கிது. இதோட ஓடினதே பெரிய காரியம்." மேசை லாச்சியைத் துழாவிப் புது ஊசி ஒன்று எடுத்துக் கொடுத்தார். அது என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அதைப் போட்ட பிறகு இறக்கத்தில் நிறுத்தியும் பார்த்தோம். சாவிக்கே பற்றியது. அன்றே கலகெதர அம்மாவுக்குப் போன் போட்டு, புதன்கிழமை வருகிறேன் என்றேன்.

புதன்கிழமை அவரைப் பேராதனையில் பஸ்ஸுக்கு இறக்கிவிட்டேன். இறங்குவதற்கு முன் சோக், பிரேக், எண்ணெய் என்று எல்லாவற்றையும் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கதவைச் சாத்தி அதில் இரண்டு தட்டுத் தட்டினார். கட்டுகஸ்தோட்டை தாண்டியதும் நான் தனியாகப் பாடிக்கொண்டே ஓட்டினேன். என் குரல் சகிக்காது, கேட்க ஆளில்லாததால் பாதகமில்லை.

கலகெதரக் கடையின் முற்றம் பார்த்த இடமெல்லாம் சமதரை. உள்ளே போய் நிறுத்தினேன். வழக்கப்படி எஞ்சினை ஓடவிட்டே கன்றுகளை இறக்கியிருக்கலாம். கை சாவிமேல் இருந்தது. அணைத்தேன். கன்றுகளை எண்ணி இறக்கி, அந்த அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து, ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன்.

ஸ்டார்ட் ஆயிற்று.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன். பேசுவதற்கு வாய் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டிப் போனைப் பொனட்டுப் பக்கம் பிடித்தேன். பிறகு காதில் வைத்து, "கேக்குதா?" என்றேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. அலுவலகத்தில் யாரிடமோ, ஒருவரிடமல்ல, எல்லோரிடமும், "கலகெதரயில! சமதரையில! அவ தனியா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.