சிலிண்டரில் பிடித்த பனி

சமையலறையிலிருந்த கேஸ் சிலிண்டரை அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஜீப்பின் பின்பக்கம் வைத்துக் கட்டிய அன்று, அம்மா வீட்டுக்கு வெளியே மூன்று கல்லைக் கூட்டிச் சோறு வடித்தாள். வடித்து முடிக்கிறவரைக்கும் வாய் ஓயவில்லை.

"நைனாவுக்குப் பொகை ஆவாதுன்னு நீதான்டா இத்த வாங்கியாந்த. இப்ப நீயே தூக்கினு போற."

"நைனாவுக்குத்தாம்மா தூக்கினு போறேன்."

இரண்டுமே உண்மை. அப்பா தங்கச் சுரங்கத்தின் அடியில் கல்லைத் துளைக்கிற மெஷினைப் பிடித்தவர். துளைத்த கல்லெல்லாம் தூசியாக அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. விறகுப் புகை ஆகாது. பஸ் ஆகாது. ஏலத்தில் எடுத்த அண்ணனின் பழைய பட்டாளத்து ஜீப், தெருமுனையில் உறுமினாலே போதும், பெட்ரோல் நெடிக்கு இங்கே கட்டிலில் உடம்பு வில்லாக வளையும். அந்த உடம்புக்குள் ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. பேத்தமங்கலம் ஏரியைப் பார்க்கவேண்டும்.

"பொறந்ததுலேந்து அந்தத் தண்ணியத்தான் குடிச்சிகினு கீறேன். அது எப்பிடிக் கீதுன்னு கண்ணால பாக்கல" என்பார். ஏதோ தூரத்துச் சொந்தத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

கேஸில் ஓடினால் நெடி இருக்காது என்று அண்ணன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தான். பெட்ரோல் குழாயை அடைத்தான். சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு பித்தளை வளையத்தைக் கடைந்து கார்புரேட்டரின் வாயில் பொருத்தினான். சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் வழியே வரும் கேஸ், அந்த ஓட்டைகளில் கசிந்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகும். முதல்நாள் அது தும்மியது. மறுநாள் சீறியது. அப்புறம் ஒரு காலை, புகையே இல்லாமல், தூங்குகிற பிள்ளையின் மூச்சுபோலச் சீராக ஓடியது. அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வரவில்லை.

கிளம்பும்போது சுரங்கத்து லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள்.

"இன்னா மாமா, ராக்கெட்ல போறீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "மேல போனா எங்களுக்கும் எடம் புடிச்சி வைங்க."

"ஆயுசு பூரா கீழதான்டா போயிகினு இருந்தேன்" என்றார் அப்பா. "ஒரு தபா மேல போய்ப் பாக்கறேனே."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சிலிண்டர் வெடித்துவிடும் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் அண்ணனுக்கும் இருந்தது. அவன் சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரஸர் ஹவுஸில் ஃபிட்டர். அங்கே காற்றை அழுத்த அழுத்தக் குழாய் கொதிக்கும். சூட்டைத் தணிப்பதே அவன் பிழைப்பு. எந்த மெஷினைக் கண்டாலும் தண்ணீர் ஊற்றத் தோன்றும் கை அது. சிலிண்டரைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டிவிட்டான். வழியில் நனைக்க ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டான்.

தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகள் பின்னால் போயின. காற்று அப்பாவின் சட்டையை ஊதி, இல்லாத உடம்பை இருப்பதாகக் காட்டியது. நான் அவரைத் தோளோடு அணைத்திருந்தேன். பாதி வழியில் இன்ஜின் இளைத்தது. திணறியது. நின்றுவிட்டது.

அண்ணன் இறங்கி ஓடிவந்து சாக்கைத் தொட்டான். அது பலகையாக இறுகியிருந்தது. இழையெல்லாம் வெள்ளை. நல்ல வெயிலில், பொட்டல் ரோட்டில், பனி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உள்ளே கேஸ் ஆவியாக ஆகச் சிலிண்டர் தானே குளிர்ந்துபோகும். அதற்குச் சூடு வேண்டும். இவன் மேலும் குளிர வைத்திருக்கிறான்.

"மாத்தி செஞ்சிட்டேன் நைனா" என்றான்.

அப்பா அதைக் கேட்கவில்லை. கையை நீட்டி அந்தச் சாக்கின்மேல் வைத்தார். பிறகு மெல்லச் சரிந்து கன்னத்தையும் வைத்தார்.

"அடியில கல்லே சுடும்டா" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "எங்களுக்கு ஒருத்தனும் இப்பிடி ஒரு சாக்கு குடுக்கல."

பனி உருகி இன்ஜினுக்கு மறுபடி உயிர் வந்தபோது அப்பா களைத்துப்போயிருந்தார். திரும்பிவிட்டோம்.

ரேடியேட்டரின் வெந்நீரைச் சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டால் போதும் என்று அண்ணன் செப்புக் குழாயை வளைத்துத் தயார்செய்தான். மாட்டப் போகிற நேரத்தில் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அத்த மாட்டினா ஐஸ் புடிக்காதில்ல?"

"புடிக்காது நைனா. நிக்காம ஏரிக்குப் போவலாம்."

"ஏரி எங்க ஓடிப் போவுது. இன்னிக்கு அந்தச் சாக்கக் கொண்டா."

அண்ணன் குழாயைக் கீழே வைத்தான். ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தான், சாக்கு வெளுக்கும்வரை. வெளுத்ததும் அவிழ்த்து வந்து அப்பாவின் நெஞ்சில் வைப்போம். அது உருகி அவர் விலாவில் வழியும். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். எங்கேயும் போகாத ஒரு வண்டி எங்கள் வாசலில் நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது. சமையல் கேஸை இப்படிக் கரைக்கிறார்களே என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாக்கு காயவிடாமல் அவள்தான் நனைத்துக் கொடுத்தாள். கல்லடுப்பு வெளியிலேயே எரிந்தது.

குழாய் சுவர் ஓரத்திலேயே கிடந்தது. ஏரிக்கு அப்பா போகவேயில்லை.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் அண்ணன் அந்தக் குழாயை எடுத்து மாட்டினான்.

"இப்ப எங்கடா போவப் போற?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

வண்டி ஓடியது. எவ்வளவு நேரம் ஓடினாலும் இனி நிற்காது என்று தெரிந்தது. நான் போய்ச் சிலிண்டரில் கைவைத்துப் பார்த்தேன்.

வெதுவெதுவென்று இருந்தது.