குழாயில் கேட்ட குரல்

என் மகளுக்கு எழுபதுகள் என்றால் என் தாய்மாமாவின் பெல்பாட்டம்தான். பெரம்பலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படத்தில், காதைத் தாண்டி இறங்கிய கிருதாவும் தெருவைப் பெருக்கும் கால்சட்டையுமாக அவர் நிற்பதைப் பார்த்து, இந்தக் கணினிக் காலத்துப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்தப் படம் எடுத்த நாளில் என் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. பாடாலூரில் மைக்செட் வைத்திருந்தார். எந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றாலும், ஒலிபெருக்கிக் குழாய்களைப் பஸ் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார். நான் பிறந்த ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில், மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரிசல் மண்ணில் இருந்தது. உயர்நிலைப்பள்ளி பக்கத்து ஊரில். வரப்பு வழியே தாவணி பறக்க நடந்து போய்ப் படித்த மிகச் சில பெண்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது நான் பெரியவளானேன். வழக்கப்படி தாய்மாமன் வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் கொல்லையில் பச்சைத் தென்னோலையால் குச்சு கட்டினார். மஞ்சள் நீராட்டும் நாள்வரை நான் அதற்குள்தான் இருக்க வேண்டும். இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் பயம். எங்கள் பங்காளி வீடுகளில் குச்சுக்குள் போன எந்தப் பெண்ணும் திரும்பப் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவின் அண்ணனான என் பெரியப்பா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“வயசுக்கு வந்த புள்ளைக்கு ஐஸ்கூலு எதுக்கு? குச்சு கட்டுன மாமங்காரன் கையாலேயே தாலியயும் கட்டச் சொல்லு. செலவோட செலவாப் போவும்.”

மாமா ஓலையை முடைந்தபடியே, “எனக்கு மைக்செட்டோட கல்யாணம் ஆயிப்போச்சுங்க. அதுக்கே சோறு போட முடியல” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அண்ணன் முன்னால் அவர் துண்டைத் தோளில் போட்டும் நான் பார்த்ததில்லை. அவர் வாய் திறக்கவில்லையே என்று ஓலைச்சுவரில் முகத்தை வைத்து அழுதேன்.

நீராட்டன்று காலையில் குழாயை வேப்பமரத்தில் தெருவைப் பார்க்கக் கட்டினார் மாமா. அடுத்த ஊர்வரை கேட்கும் குழாய் அது. மைக்கோடு ஒலிபெருக்கிப் பெட்டியை வெயில் படாமல் குச்சின் ஓரமாக ஒரு பெஞ்சில் வைத்தார். அப்பா வந்து, வாங்கப் போகும் கன்றைப் பார்ப்பதுபோல் அதன் முன்னால் குந்தினார்.

“இந்தச் செவப்பு பல்பு எதுக்கு மாப்ள?”

“அது எரிஞ்சா மைக்கு உசுரோட இருக்குன்னு அர்த்தம் மாமா. பேசறது ஊருக்கே கேக்கும். யாரயும் திட்டிப்புடாதீங்க.”

அப்பா தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

மதியத்துக்குள் பந்தல் நிறைந்துவிட்டது. பெரியப்பா முன்வரிசையில். ஒரு இசைத்தட்டு முடிந்து, அடுத்தது தொடங்காமல் ஊர் அமைதியாக இருந்த நேரத்தில், அப்பா மறுபடி பெஞ்சுக்கு வந்தார். ஓலை இடுக்கில் எனக்கு எல்லாம் தெரிந்தது. பெட்டியில் சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“மாமா, புள்ளய நிறுத்தப் போறீங்களா?” என்று அப்பாவிடம் கேட்டார் மாமா. அதே கேள்வி வேப்பமரத்திலிருந்தும் கேட்டது.

“நான் எதுக்குடா நிறுத்தறேன்?” என்றார் அப்பா. “உங்கக்கா அறிவுக்கு அவளப் படிக்க வச்சிருந்தா இந்நேரம் கலெக்டரு. எனக்குக் கட்டிவச்சு அடுப்ப ஊத வுட்டீங்க. எம் பொண்ணாச்சும் படிக்கட்டும். எங்கண்ணன் மொகத்தப் பாத்தாத்தான் எனக்கு வாயி வரமாட்டேங்குது.”

பந்தலில் ஒரு குழந்தை அழுதது. அதையும் யாரோ அடக்கினார்கள். குச்சுக்குள் இருப்பவள் குரல் கொடுக்கக் கூடாது. அப்பாவை எப்படி எச்சரிப்பது என்று தெரியாமல் நான் கையைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் பெரியப்பாவே கொல்லைக்கு வந்துவிட்டார்.

“ஏன்டா, படிக்கட்டும்னு எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதா? அடுத்த ஊருக்கும் சேத்துத்தான் சொல்லணுமா?”

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டு பல்பை அணைத்தார். ஆலத்தித் தட்டோடு வந்திருந்த அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, “என்னடா வேடிக்க? பாட்டப் போடு” என்று தம்பியை அதட்டினாள்.

பெரியப்பா அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊரறியக் கேட்ட சொல்லை யார் திரும்பப் பெற முடியும்? நான் பள்ளிக்கூடம் போனேன். தோழிகள் அப்பாவின் குரலில் “எம் பொண்ணாச்சும் படிக்கட்டும்” என்று சொல்லிக் காட்டிச் சிரித்தபோது வெட்கத்தால் குறுகினேன். விவரம் தெரியாத மனிதர், மாமாவின் மறதியால் மாட்டிக்கொண்டார் என்று நெடுங்காலம் அப்பாவுக்காக இரக்கப்பட்டேன். திருச்சியில் கல்லூரி முடித்து, ஆசிரியையாகி, நானே ஒலிபெருக்கிமுன் நின்று பேசும் காலம் வரும்வரை அந்த இரக்கம் மாறவில்லை.

பாட்டரி வீணாகும் என்று, பேச்சு முடிந்த நொடியே மைக்கை அணைப்பவர் என் மாமா. அப்பாவோ அன்று அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தச் சிவப்புப் பல்பைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கப் பேசினார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மச்சினனிடம் பேச அவ்வளவு சத்தம் எதற்கு என்று கேட்கத் தெரியாத வயது எனக்கு.